பேட் கறுப்பானபோதே வண்டியை எடுத்து வந்திருக்க வேண்டும்

காரை மெஷின் பாலிஷுக்கு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், விடுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். எனக்கு 16,500 ரூபாயும், பானட் ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மேல்பூச்சும் போயிற்று. பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மேல்பூச்சு வராது.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். பேசி முடித்துக்கொண்ட விவகாரம், பெயர் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். தவிர, அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்கிற கதையும் இல்லை இது.

வண்டி 2018 வெர்னா, கறுப்பு. கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அபார்ட்மென்ட் கோவை சரவணம்பட்டியில். குடிக்க மட்டும்தான் நல்ல தண்ணீர், மற்றதெல்லாம் போர் தண்ணீர். வாட்ச்மேன் அண்ணன் தினமும் விடியற்காலையில் அந்த உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, பத்து வண்டிகளையும் அதே துணியால் துடைப்பார். மாதம் 400 ரூபாய். ஆறு வருடத்தில் பானட் முழுக்க வெள்ளைப் பொட்டுகள், வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கோடுகள். தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வண்டி இப்படி நிற்கக்கூடாது என்று அம்மா சொன்னதும், போர்டு பளிச்சென்று இருந்த ஒரு கடைக்குப் போனேன்.

‘3 ஸ்டெப் பெயின்ட் கரெக்‌ஷன், 9 ஹெச் செராமிக் கோட்டிங், மூன்று வருட வாரன்டி.’ ஓனர் நன்றாகப் பேசினார். முதல் ஸ்டெப்பில் கோடுகளை வெட்டுவோம், இரண்டாவதில் பாலிஷ், மூன்றாவதில் ஃபினிஷிங், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி கோட்டிங். 9 ஹெச் என்றால் வைரத்துக்கு அடுத்த கடினம் என்றார். நானும் தலையாட்டினேன். அந்த 9 ஹெச், பென்சில் கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. 9 பி-யில் தொடங்கி 9 ஹெச் வரை பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்க்கிற சோதனை அது. வைரம் 10 என்பது மோஸ் அளவுகோல். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. சரி, அது சின்னப் பொய்.

காலை ஒன்பதரைக்கு வண்டியை விட்டேன். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெடிங்க சார்” என்றார்கள். அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். பானட், கூரை, டிக்கி, நான்கு கதவு, நான்கு ஃபெண்டர், இரண்டு பம்பர் என்று பதின்மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டெப்புக்கு இருபது நிமிடம் என்று குறைவாகவே வைத்தாலும், மூன்று ஸ்டெப்புக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. கழுவுவது, களிமண் மாதிரி இருக்கும் க்ளே பாரால் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுப்பது, டேப் ஒட்டுவது, கோட்டிங் எல்லாம் இதில் சேரவில்லை. அஞ்சு மணிக்கு எப்படி ரெடியாகும்? இந்தக் கணக்கை நான் போட்டது இரண்டு மாதம் கழித்து.

ஒரு மணி நேரம் அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது வயதுப் பையன் ஒருவன். கையில் ரோட்டரி மெஷின், அதில் வெள்ளை ஆட்டுக்குட்டி மாதிரி புசுபுசுவென்று ஒரு கம்பளிப் பேட். லேபிள் இல்லாத, சாஸ் பாட்டில் மாதிரி ஒன்றிலிருந்து வெள்ளையாக எதையோ பானட்டில் கோலம் போல ஊற்றினான். மெஷின் இரைச்சல், நாலாபுறமும் தெறிப்பு, வெள்ளைத் தூசி. விளக்கு ஓரத்திலும் கதவு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒரு இஞ்சுகூட ஒட்டவில்லை.

நடுவில் மெஷினைக் கீழே வைக்கும்போது பேட் கழன்று தரையில் விழுந்தது. சிமென்ட் தரை, மணல். எடுத்தான், பேன்ட்டில் இரண்டு தட்டு தட்டினான், திரும்ப ஒட்டினான், வேலையைத் தொடர்ந்தான். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பானட்டின் முன் ஓரத்தில், அந்த மடிப்பு வரும் இடத்தில், மெஷினைச் சாய்த்து அழுத்திப் பிடித்தான். எடுத்தபோது வெள்ளைப் பேட்டில் கறுப்பு வளையம். “என்ன தம்பி இது கறுப்பா?” என்றேன். “அழுக்குங்க சார். பாருங்க, எவ்வளவு அழுக்கு வருதுன்னு” என்றான். எனக்கு அதில் பெருமைகூட. இவ்வளவு அழுக்கையும் எடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

அழுக்கு இல்லை அது. என் வண்டியின் நிறம்.

இதை மட்டும் நன்றாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கார்களில் பெரும்பாலும் நிறப் பூச்சுக்கு மேல் நிறமற்ற ஒரு மேல்பூச்சு இருக்கும், க்ளியர் கோட் என்பார்கள். பாலிஷ் என்பது அந்த க்ளியரைத்தான் மிக மெல்லியதாகச் சீவுகிறது. கீழே நிறம் இருக்கும் இடத்துக்குப் பேட் போகவே கூடாது. எனவே பேட்டில் ஒட்டுவது வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் இருக்க வேண்டும். மேல்பூச்சே இல்லாமல் ஒரே பூச்சாக அடித்த பழைய அம்பாசடர் காலத்து வண்டிகளில் துணியில் நிறம் வரும், அது இயல்பு. க்ளியர் இருக்கும் வண்டியில் நிறம் வந்தால், அந்த இடத்தில் க்ளியர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியிலேயே மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு கனம் என்று தெரிந்தால் பயம் வரும். கம்பெனி பூச்சு, அடிப்பூச்சு முதல் க்ளியர் வரை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 மைக்ரான் சுற்றித்தான். ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் ஒன்றின் கனம். அதில் க்ளியர் பாதிக்கும் குறைவு. சூரிய ஒளியிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் பாதித் தாள்தான். இதைத்தான் கம்பளிப் பேட்டோடு அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

சாயங்காலம் போனபோது மழை மேகம், கடைக்குள் மஞ்சள் விளக்கு. வண்டி நனைந்த கல் மாதிரி மின்னியது. மனசு நிறைந்துவிட்டது. நான்கைந்து படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பில் கேட்டதற்கு, “ஜி.எஸ்.டி. போட்டா 18 சதவீதம் கூடுமுங்க சார், எதுக்குங்க?” என்றார் ஓனர். நானும் எதற்கு என்று ஜிபே செய்துவிட்டேன். வாரன்டி அட்டை ஒன்று கொடுத்தார்கள், கார்டு கனமாக, அழகாக இருந்தது.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. வண்டியை மாப்பிள்ளையின் சித்தப்பா புதுசா என்று கேட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும், அந்த ஒரு நாளுக்கு வேலை நடந்தது.

மூன்று வாரம், இரண்டு வாஷ். ஒரு ராத்திரி அவினாசி ரோட்டில் பெட்ரோல் போட நிறுத்தினேன். பங்க் கூரையின் வெள்ளை எல்.இ.டி. விளக்குக்குக் கீழே பானட்டைப் பார்த்தால், வட்டம் வட்டமாக, அரிவாள் அரிவாளாகக் கீற்றுகள். நான் நகர்ந்தால் அவையும் நகர்கின்றன. கூரையில், கதவில், டிக்கியில், எங்கும். பழைய சிலந்தி வலைக் கோடுகள் போனதே தவிர, அதற்குப் பதில் வண்டி முழுக்க இது. ஹோலோகிராம் என்று இதற்குப் பெயர் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பானட் முன் ஓரத்தில் மட்டும் பளபளப்பே இல்லாமல் கரித்துண்டு மாதிரி ஒரு மங்கல், சுற்றிலும் மெல்லிய கரை. பின் கதவின் மடிப்புக் கோட்டில் நூல் மாதிரி சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அது பிரைமர், நிறத்துக்கும் கீழே இருக்கும் அடிப்பூச்சு.

மறுநாள் கடைக்குப் போனேன். ஓனர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, “வாட்டர் வாஷ் எங்கே விட்டீங்க? அவனுங்க துணியில பண்ணியிருக்கானுங்க” என்றார். துணியால் இப்படி ஒரே சீராக அரை வட்டம் அரை வட்டமாக வருமா என்றேன். மெயின்டனன்ஸ் செய்யவில்லை, அதனால் வாரன்டி இல்லை என்று அட்டையைத் திருப்பிக் காட்டினார், பின்னால் எறும்பு எழுத்தில் ஏதோ இருந்தது. இன்னொரு 3,500 கொடுத்தால் ‘டாப் அப்’ பண்ணித் தருகிறேன் என்றார். வந்துவிட்டேன்.

உடன் வேலை பார்ப்பவர் சொல்லி, சிங்காநல்லூர் பக்கம் ஒரு பெயின்டிங் பட்டறைக்குப் போனேன். அப்பாவும் மகனும். அப்பா முப்பது வருடமாகப் பெயின்டர், மகன் டீட்டெய்லிங் மட்டும் செய்கிறவர். பெரியவர் குனிந்து பானட்டின் விளிம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “க்ளியரு போயிருச்சுங்க தம்பி. என்னத்தப் போட்டுச் சொரண்டுனானுங்க?” என்றார். மகன் பூச்சின் கனத்தை அளக்கும் மீட்டரை வைத்தார். கூரை 112, பானட் நடுவில் 97, மங்கலான இடத்தில் 68 மைக்ரான். அந்த மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும், க்ளியரைத் தனியாகக் காட்டாது. ஆனால் நாற்பதுக்கு மேல் குறைந்த இடத்தில் மிச்சம் என்ன இருக்கும் என்று அவர் சொல்லத் தேவையில்லை.

பிறகு டிக்கியில் ஒரு ஓரத்தைத் தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தார். இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த பளபளப்பும் அந்த இடத்தில் காணாமல் போய், கீற்றுகள் அப்பட்டமாகத் தெரிந்தன. “எண்ணெய்ணா. கோட்டிங்கே இல்ல” என்றார்.

நடந்தது இதுதான். கம்பளிப் பேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு இழையும் வெட்டும் என்பதால் ஆழமான கோடுகளை அதுபோல் வேகமாக எடுப்பது வேறில்லை, பெரியவரே இன்றும் ரோட்டரியில் கம்பளிதான் போடுகிறார். ஆனால் கம்பளி வெட்டிய இடத்தில் அதன் தடம் இருக்கும். அதை எடுக்க ஃபோம் பேட்டும் மெல்லிய பாலிஷும், கறுப்பு வண்டி என்றால் அதற்கும் மேலே இன்னும் மிருதுவான பேட்டில் ஒரு ஃபினிஷிங்கும் வேண்டும். அவைதான் இரண்டாவது, மூன்றாவது ஸ்டெப். எனக்குச் செய்தது முதல் ஸ்டெப் மட்டும். மற்ற இரண்டுக்குப் பதில் கிளேஸ் என்கிற எண்ணெய்ப் பசையைப் பூசிக் கோடுகளின் பள்ளத்தை நிரப்பிவிட்டார்கள். இரண்டு வாஷில் எண்ணெய் இறங்கியது, கீற்று வெளியே வந்தது. கோட்டிங் என்று எதையாவது உண்மையிலேயே தடவியிருந்தால்கூட அது நிற்காது. எண்ணெய் இல்லாத வெறும் பரப்பில்தான் செராமிக் பிடிக்கும். எண்ணெய் மேல் போட்டது எண்ணெயோடு போய்விடும்.

இதில் பெரிய வசதி என்னவென்றால், நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘பாலிஷ்’ என்ற ஒரே பெயர்தான். காம்பவுண்டும் பாலிஷ், கிளேஸும் பாலிஷ், வாக்ஸும் பாலிஷ். காம்பவுண்டில் தேய்க்கும் துகள் கரடாக இருக்கும், வெட்டும். பாலிஷில் நைசாக இருக்கும், வெட்டிய தடத்தை மென்மையாக்கும். கிளேஸும் வாக்ஸும் எதையும் எடுக்காது, மூடும். காம்பவுண்டிலும் இரண்டு ஜாதி உண்டு. சிலவற்றில் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நைசாகும், அதைப் பாதியில் நிறுத்தினால் கரடான கோடுதான் மிஞ்சும். சிலவற்றில் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவுத் துகள். லேபிள் இல்லாத சாஸ் பாட்டிலில் எந்த ஜாதி இருந்தது என்று அந்தப் பையனுக்கே தெரிந்திருக்காது.

இனி என் சொந்த முட்டாள்தனம். மகன் ஒரு பகுதிக்கு விலை சொன்னார், நியாயமான விலைதான். ஆனால் சூடு பட்டிருந்த நான், மெஷின் வாங்கி நானே செய்துவிடுகிறேன் என்று இறங்கினேன். டி.ஏ., அதாவது டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்கினேன். ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் சுற்றும், ஒரே இடத்தில் சூடு ஏறும். டி.ஏ.வில் சுற்றிக்கொண்டே கிறுக்கலாகவும் ஆடும், ரொம்ப அழுத்தினால் சுற்றாமல் நின்றுவிடும். அதனால் புதியவர்கள் சூடேற்றிப் பெயின்ட்டைக் கெடுப்பது கஷ்டம். இதுவரை சரி.

வீடியோவில் ஒருவர் மஞ்சள் பேட்டில் ஃபினிஷிங் செய்து காட்டினார். நானும் ஆன்லைனில் மஞ்சள் பேட் இரண்டு வாங்கினேன், வேறு கம்பெனி. கடைக்காரர் விவரத்தில் ‘எல்லா வேலைக்கும் ஏற்ற பாலிஷிங் பேட்’ என்று மட்டும் போட்டிருந்தார். டிக்கியில் ஒரு அடிக்கு ஒரு அடி போட்டதும் பரப்பு மேகம் படிந்த மாதிரி ஆகிவிட்டது. பதறிப்போய் நிறுத்தினேன்.

பேட்டின் நிறத்துக்குப் பொது விதியே கிடையாது. ரூப்பெஸ் கம்பெனியின் ஃபோமில் நீலம் கரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் நைஸ், வெள்ளை அதிநைஸ். லேக் கன்ட்ரியில் அதே மஞ்சள்தான் பலமாக வெட்டும் பேட், வெள்ளை பாலிஷ், கறுப்பு ஃபினிஷிங். மெக்வயர்ஸில் அரக்கு நிறம் வெட்டும், மஞ்சள் நடுத்தர பாலிஷ். 3எம்மின் ஒரு வரிசையில் பச்சை மூடி பாட்டிலுக்குப் பச்சை பேட், மஞ்சள் மூடிக்கு மஞ்சள், நீல மூடிக்கு நீலம் என்று அவர்களுக்குள் பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஆக ‘மஞ்சள் பேட்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கம்பெனி மஞ்சள் என்று கேட்காமல் வாங்கக்கூடாது. நான் வாங்கியதில் கம்பெனி பெயரே இல்லை. இரண்டாவது நாள் வெல்க்ரோ ஃபோமிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது, திருப்பி அனுப்பினேன், ‘பயன்படுத்திய பொருள்’ என்று நிராகரித்தார்கள். 1,100 ரூபாய். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் சிங்காநல்லூர். மகன் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. அவர் செய்ததைப் பார்த்ததுதான் எனக்குப் பாடம். வண்டியைக் கழுவி, க்ளே போட்டு, எல்லா ஓரத்திலும் மடிப்பிலும் டேப் ஒட்டினார். முதலில் டிக்கியில் ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்னிடம் இருந்ததிலேயே மிருதுவான பேட், நைசான பாலிஷ். விளக்கடித்துப் பார்த்தார், போதவில்லை. பேட்டை மட்டும் ஒரு படி ஏற்றினார், பாலிஷ் அதேதான். இப்போது பெரும்பாலும் போய்விட்டது. “இதுக்கு மேல வெட்ட வேண்டாங்ணா, இருக்கிறதே கொஞ்சம்” என்றார். ஆழமான நாலைந்து கோடுகளை அப்படியே விட்டுவிட்டார். முதல் கடைக்காரர் எல்லாக் கோட்டையும் எடுத்துவிடுகிறேன் என்றபோது சந்தோஷப்பட்டேன். இவர் எடுக்க மாட்டேன் என்றபோதுதான் நம்பிக்கை வந்தது.

பேட்டில் பட்டாணி அளவில் நாலு சொட்டு, அவ்வளவுதான் ஊற்றினார். தெறிப்பும் இல்லை, பெரிதாகத் தூசியும் இல்லை. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் காற்றடித்துப் பேட்டைச் சுத்தம் செய்தார். காய்ந்த காம்பவுண்டும் சீவின பெயின்ட்டும் பேட்டில் சேர்ந்தால் அதுவே புதுக் கோடு போடும் என்றார். என் வண்டிக்கு மட்டும் ஏழு பேட் மாற்றினார். முதல் கடையில் ஒன்றே ஒன்று, அதுவும் தரையில் விழுந்து எழுந்தது. வேலை ஒன்றரை நாள் ஆனது. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஆல்கஹாலால் துடைத்து, விளக்கடித்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். 9,000 வாங்கினார், பில்லோடு.

ஆகவே இனி வண்டி விடுகிறவர்கள், எத்தனை ஸ்டெப் என்று கேட்காதீர்கள், அது போர்டிலேயே இருக்கும். என் வண்டிக்கு எந்தப் பேட், எந்த பாட்டில், எதற்குப் பிறகு எது, எத்தனை பேட் மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். “பேட்டெல்லாம் ஒண்ணுதானுங்க” என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டிங் போடும் முன்னால் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மழை நாளில், சாயங்காலத்தில், மஞ்சள் விளக்கில் டெலிவரி எடுக்காதீர்கள். நல்ல வெயிலில் ஒரு சுற்று வாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன், புகாரைப் பதிந்துகொண்டார்கள். பில் இல்லாதது பெரிய ஓட்டைதான், ஆனால் ஜிபே ரசீதும், ‘3 ஸ்டெப்’ என்று எழுதிய விலைப் பட்டியலை அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பியதும், வாரன்டி அட்டையும் கையில் இருந்தன. இவற்றோடு மீட்டர் அளவின் படங்களையும் சேர்த்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம்கூட இல்லை என்று ஓனருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அதுவரை போனே எடுக்காதவர் அன்று ராத்திரியே கூப்பிட்டார். பத்து நாள் இழுபறிக்குப் பிறகு 7,000 வந்தது. இன்னும் சண்டை போட்டிருக்கலாம். தங்கை கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது, விட்டுவிட்டேன்.

பானட்டைத் திரும்ப அடிக்கப் பெரியவர் 6,500 சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். விற்கும்போது மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், ஒரிஜினல் பெயின்ட் இல்லை என்றால் ஆக்சிடென்ட் வண்டியா என்று கேட்டு விலையை இறக்குவார்கள் என்பது அவர் கணக்கு. அந்த மங்கல் இன்றும் இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் அதைப் பறவை எச்சம் என்று நினைத்து தினமும் இரண்டு தேய்ப்பு கூடுதலாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது துடைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், 400 ரூபாய் மட்டும் கொடுக்கிறேன்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். போர்டை மாற்றியிருக்கிறார்கள். 5 ஸ்டெப், 10 ஹெச், ஐந்து வருட வாரன்டி. வெளியே ஒரு கறுப்பு கிரெட்டா நின்றுகொண்டிருந்தது. அதே பையன், அதே மெஷின். டேப் ஒட்டியிருக்கிறானா என்று மெதுவாகப் போய்ப் பார்த்தேன். இல்லை.